பேச்சியம்மாளின் ஈரல்

ஈரலைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நோய்க்குறியியல் துறைக்குள் இப்போதுதான் நுழைந்திருக்கும் உங்களுக்குப் பாடம் நடத்த என்னைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கொழுப்பேறிய ஈரல், இறுகிப் போன ஈரல், சீழ்க்கட்டி வைத்த ஈரல், இதயம் தளர்ந்து ரத்தம் தேங்கியதால் ஜாதிக்காயைக் குறுக்கே வெட்டியது போல் வரி வரியாகத் தெரியும் ஈரல் எல்லாவற்றையும் அவர்கள் கண்ணாடி ஜாடியில் போட்டுக் காட்டிவிடுவார்கள். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர் இறுகிய ஈரலோடு எங்கள் ஆஸ்பத்திரியில் இறந்தார். கள் வாசனையே ஆகாத மனிதர். ஆனால் வார்டில் இருந்த அத்தனை பேரும் அவரைத் திருட்டுக் குடிகாரர் என்று தீர்மானித்து, அவர் மனைவியிடம் ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஈரலை வைத்து ஒருவருடைய நடத்தையைப் படிக்காதீர்கள் என்று அதைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிடலாம். நான் இன்று சொல்ல வந்தது ஒரு வரியில் முடிகிற விஷயமில்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியிருந்த காலம். திருவனந்தபுரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் நோய்க்குறியியல் பிரிவில் அப்போது நான் ஒருவன்தான் டாக்டர். எனக்கு மேலே இருந்தவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. புத்தகங்கள் இருந்தன, மைக்ராஸ்கோப் இருந்தது.

பொன்முடி தேயிலைத் தோட்டத்திலிருந்து பேச்சியம்மாள் என்ற பெண்ணை லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வயது இருபதைத் தாண்டியிருக்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போன குடும்பம். வயிற்றில் ஏழு மாதம். உடம்பெல்லாம் மஞ்சள். வந்தபோதே நினைவு தடுமாறி, யாரையோ பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாளாம். சேர்த்த மறுநாள் இறந்துவிட்டாள்.

காமாலையில் செத்தாள் என்று அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவளுடைய அண்ணன் இசக்கி, அவள் புருஷன் சுடலைமுத்துதான் விஷம் வைத்துவிட்டான் என்று போலீசில் சொல்லிவிட்டான். சுடலைமுத்து தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தவன். போலீஸ் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் அவன் வீட்டைச் சோதனை போட்டபோது, எலிக்கு வைக்கும் பசை டப்பா ஒன்று அடுப்புக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. அந்தக் காலத்து எலிப்பசையில் பாஸ்பரஸ் இருக்கும். பாஸ்பரஸ் உடம்புக்குள் போனால் முதலில் வாந்தி எடுக்கும், பிறகு ஓரிரு நாள் சும்மா இருக்கும், பிறகு கண் மஞ்சளாகும், நினைவு தப்பும், ஆள் போய்விடும். காமாலை முற்றிச் சாகிறவர்களும் கிட்டத்தட்ட அதே போலத்தான் சாவார்கள். அவளை வார்டில் பார்த்த மூத்த டாக்டர், 'விஷமாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார். சுடலைமுத்துவை லாக்கப்பில் வைத்துவிட்டார்கள்.

அப்போது நம் சமஸ்தானத்தில் தூக்குத் தண்டனை உண்டு. இதை நீங்கள் மறக்காமல் இருந்தால்தான் பிணப் பரிசோதனைக்குப் போன அன்று காலை நான் ஏன் அத்தனை தயங்கினேன் என்பது புரியும்.

பிணப் பரிசோதனையை விவரிக்கப் போவதில்லை. ஈரலை மட்டும் சொல்கிறேன். பாஸ்பரஸ் தின்றவர்களின் ஈரல் பெருத்து, பிசைந்த மாவு போல, ஒரே சீராக மஞ்சளாக இருக்கும் என்று படித்திருந்தேன். நான் கையில் எடுத்தது சின்ன ஈரல். இருக்க வேண்டியதில் பாதி இருக்குமோ என்னவோ. மேல் தோல் சுருங்கி, காற்றுப் போன பை மாதிரி உள்ளங்கையில் தொய்ந்து விழுந்தது. வெட்டினால் மஞ்சளும் சிவப்பும் திட்டுத் திட்டாக. ஈரல் ஒரேயடியாக அழுகிச் சுருங்கும் கடுங்காமாலை இது என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் நான் பயந்தேன். ஏனென்றால் அதே புத்தகத்தில் அடியில் இன்னொரு வரியும் இருந்தது: பாஸ்பரஸ் தின்று சில நாள் தாக்குப் பிடித்தவர்களின் ஈரலும் கடைசியில் சுருங்கலாம்.

வெளியே இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நேரே வந்திருந்தார், நெற்றியில் பிரசாதம் காயவில்லை. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலிடத்து நெருக்கடி.

"டாக்டர் சார், ஒற்றை வாக்கு போதும். விஷமா, அல்லயா?"

"இப்ப சொல்ல முடியாது."

"பின்னே எப்ப? வயித்தையும் குடலையும் கெமிக்கல் எக்ஸாமினருக்கு அனுப்பினா ரிப்போர்ட் வர வாரக் கணக்காகும். அது வரைக்கும் அவனை நான் என்ன செய்யணும்? லயத்துல ஆளுக ரெண்டு பட்டு நிக்குது சார். அண்ணன்காரன் கத்தியோட நடக்கறான்."

"அந்த ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லேன்னு வந்தாலும் அவன் குற்றமில்லாதவன்னு ஆகாது. இத்தனை நாள் கழிச்சு வயித்துல பாஸ்பரஸ் மிஞ்சாது."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ ஈரல்தான் சொல்லணும். ஈரலுக்காக சாரும் சொல்லணும். அல்லே?"

அந்த வாக்கியம் அன்று முழுக்க என் காதில் இருந்தது.

மூத்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் எழுதியதற்கு எதிராக நான் எழுத வேண்டிவரலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி, மலையாளம் கலந்த தமிழில், "எடோ, ஞான் எழுதினது சந்தேகம். அதை விதின்னு எடுத்தது போலீஸ். நீ என் முகத்தைப் பார்த்து எழுதாதே, அந்தப் பையன் முகத்தைப் பார்த்தும் எழுதாதே. கண்டதை எழுது. காணாததைக் கண்டில்லன்னு எழுது" என்றார். பிறகு, தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போல, "அவளுக்கு ஆதியில வாந்தி உண்டாயிருந்ததா? யாரும் கேக்கல. ஞானும் கேக்கல" என்றார்.

அவசரமாகத் திசுவை உறைய வைத்துச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஈரல் செல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. வீடுகள் எரிந்து, தெருக்களின் வரிசை மட்டும் மிஞ்சிய ஊர் மாதிரி வெறும் சட்டமும் பித்தக் குழாய்களும் நின்றன. மிஞ்சியிருந்த கொஞ்ச நஞ்ச செல்களில் கொழுப்பு அதிகமில்லை. பாஸ்பரஸ் என்றால் கொழுப்பு நிரம்பி வழிந்திருக்க வேண்டும். தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆனால் தராசு சாய்வதும் சத்தியம் செய்வதும் ஒன்றல்ல. அவன் கொன்றிருந்து நான் விட்டுவிட்டால்? கொல்லாதிருந்து நான் தயங்கி எழுதிய ஒரு 'இருக்கலாம்' அவன் கழுத்தில் விழுந்தால்? மேஜை மேல் வைத்த சாப்பாடு அப்படியே ஆறிப்போனது. அதே கண்ணாடித் துண்டை எத்தனை முறை எடுத்து எடுத்து வைத்தேன் என்று தெரியாது. மறுபடி மறுபடி பார்ப்பதால் கண்ணாடியில் இல்லாத ஒன்று வந்துவிடாது. நம் தொழிலில் அடிக்கடி நேரும் சோர்வு இது. பதில் இந்தக் கண்ணாடியில் இல்லையென்றால் எழுந்து வெளியே போக வேண்டும். அன்று எழுந்து வெளியே போனேன்.

பிற்பகல் வெயில் பிணவறைத் தாழ்வாரத்தில் விழுந்திருந்தது. தங்கையின் உடலை வாங்கிப் போக இசக்கி அங்கே காத்திருந்தான். என்னைக் கண்டதும் ஓடி வந்தான்.

"அய்யா, கண்டுபிடிச்சாச்சா? அந்தப் பாவி வெசம் வச்சுத்தான் கொன்னுருக்கான். எழுதிக் குடுங்கய்யா. எம் தங்கச்சி ரெண்டு உசிரா இருந்தாய்யா."

அழுது அழுது அவன் கண் சிவந்திருந்தது. ஆனால் சிவப்புக்கு அடியில் வேறு ஒரு நிறம் இருப்பது போல் பட்டது. காலையில் பிணவறை விளக்கு வெளிச்சத்தில் அவன் உடலை அடையாளம் காட்டியபோது அது தெரியவில்லை. மஞ்சள் விளக்கில் மஞ்சள் தெரியாது என்பது நமக்கெல்லாம் முதல் பாடம்.

"இப்படி வெயிலுக்கு வாரும். மேல பாரும்."

கட்டை விரலால் அவன் கீழ் இமையை இறக்கினேன். மஞ்சள்.

"ஒண்ணுக்கு என்ன நெறத்துல போவுது?"

அவன் விழித்தான். "அது... பால் விடாத கட்டங்காப்பி மாதிரிப் போவுது. சூடுன்னு நெனச்சேன்."

"எத்தனை நாளா? சோறு இறங்குதா?"

"ஒரு வாரமா வாய் கசக்கு. அதை ஏன்யா கேக்கிய? நான் கேட்டது எம் தங்கச்சியை."

"உங்க லயத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

சுற்றுமுற்றும் பார்த்தான். "ரெண்டு மூணு பேருக்கு இருக்கு. கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சிட்டு வேலைக்குப் போறாவ. வெளியில சொன்னா லயத்தை விட்டுத் தொரத்திப்புடுவாவன்னு சொல்லல."

"உமக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு. மாடத்தின்னு பேரு. நெறமாசம்."

அதைக் கேட்டதும் எனக்கு இசக்கியும் சுடலைமுத்துவும் இன்ஸ்பெக்டரும் மறந்து போனார்கள். காலையிலிருந்து ஒரு செத்த பெண்ணுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். உயிரோடு இருப்பவர்களை யாரும் நினைக்கவே இல்லை. இந்தக் காமாலை ஆண்களைப் படுக்கப் போட்டு எழுப்பிவிடும். கர்ப்பிணிகளை மட்டும் இப்படி அள்ளிக்கொண்டு போகும் என்று எங்கோ படித்த ஞாபகம். எந்தக் கிருமி, எப்படிப் பரவுகிறது என்பதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. ஒரே லயத்தில் இத்தனை பேர் என்றால் ஏதோ ஒன்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது என்பது மட்டும் தெளிவு.

மறுநாள் காலை மூத்த டாக்டரும் நானும் இன்ஸ்பெக்டரின் வண்டியில் பொன்முடிக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறியது. ஒரு திருப்பத்தில் இன்ஸ்பெக்டர், "சார், காமாலை இருக்குங்கறதால அவன் விஷம் வைக்கலன்னு ஆகுமா?" என்று கேட்டார். ஆகாது என்றேன். அது நியாயமான கேள்வி. அதைக் கேட்டதால் அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

தோட்டத்து மானேஜர் வெள்ளைக்காரர். நாங்கள் கொலை விசாரணைக்கு வந்திருக்கிறோம் என்று எண்ணி மரியாதையாகவே வரவேற்றார். தொற்று நோய் என்றதும் முகம் மாறிவிட்டது. கொலை என்றால் ஒரு ஆளோடு போய்விடும், தொற்று என்று பேச்சுக் கிளம்பினால் கூலிகள் அத்தனை பேரும் இரவோடு இரவாக மலையிறங்கிவிடுவார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். லயத்துக்குள் எங்களை விடவே அவருக்கு மனமில்லை. இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில், மிகத் தணிந்த குரலில், "நீங்கள் தடுத்த பிறகு இங்கே இன்னொரு பெண் செத்தால் நான் மறுபடி வருவேன். அப்போது ஸ்டோர்க்காரனைத் தேடி வர மாட்டேன்" என்றார். வழி விட்டார்கள்.

லயத்தில் யாருக்குக் காமாலை என்று கேட்டோம். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மூத்த டாக்டர் தோல்வியோடு என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தோன்றியதோ, நோயின் பேரைச் சொல்லாமல், "யாருக்கெல்லாம் சோறு இறங்கல? அவங்க மட்டும் வெளிய வாங்க" என்று குரல் கொடுத்தேன். ஒரு கிழவர் வந்தார். பின்னால் ஒரு பெண். பிறகு ஒவ்வொருவராக வந்து வெயிலில் நின்றார்கள். அத்தனை மஞ்சள் கண்களை ஒரே இடத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பேச்சியம்மாளின் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மூத்த டாக்டர் தான் கேட்க மறந்ததைக் கேட்டார். முதலில் வாந்தி இருந்ததா?

"வாந்தி எங்கய்யா? காச்சல்தான் வந்துது. பத்து நாளாவே அவ சுருண்டு சுருண்டு படுத்தா. அடுப்புப் பத்த வைக்கவே மாட்டா."

எலிப்பசை? "எல்லா வீட்டுலயும் உண்டும்யா. எலி அரிசிய விட்டு வைக்கமாட்டேங்கு. சுடலைமுத்துதான் ஸ்டோர்லருந்து எடுத்து எங்களுக்கெல்லாம் குடுப்பான்."

மேல் லயத்தை ஒட்டி ஓடி வந்த ஓடை கீழே ஒரு தொட்டியில் விழுந்தது. மழைக்காலத்தில் மேலே உள்ள அசுத்தமெல்லாம் அதில் கரைந்து வரும். கீழ் லயத்தார் குடித்தது அந்தத் தண்ணீர். நோயும் கீழ் லயத்தில்தான். இது எதையும் நிரூபிக்கவில்லை என்று மூத்த டாக்டரே சொன்னார். ஆனாலும் நிரூபணத்துக்குக் காத்திராமல் அந்தத் தொட்டியை அடைக்கச் சொன்னார், காய்ச்சாத தண்ணீரை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒருவனைத் தூக்கில் போடுவதற்கு வேண்டிய உறுதி வேறு, தண்ணீரைக் காய்ச்சச் சொல்வதற்கு வேண்டிய உறுதி வேறு. ஒன்றுக்கு முழுதும் தெரிந்திருக்க வேண்டும். மற்றதற்குச் சந்தேகமே போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கர்ப்பிணிகள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்திக்கு எந்தக் குறையும் இல்லை, ஊருக்கு அனுப்பினோம். இன்னொருத்தி வீட்டு மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மஞ்சள் ஏறி, கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொன்னாள். மூன்றாமவள் மாடத்தி. அவள் கண் வெள்ளையாகத்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லய்யா. சோறு மட்டும் எறங்கல" என்று சிரிக்கப் பார்த்தாள்.

இசக்கி அவள் பின்னால் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு பேரையும் அந்த வண்டியிலேயே கீழே கொண்டுவந்தோம்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் சீக்கிரமே இறந்துவிட்டாள். அவளுடைய ஈரலும் என் மேஜைக்கு வந்தது. அதே சின்ன ஈரல், அதே சுருங்கிய தோல், மைக்ராஸ்கோப்பில் அதே எரிந்த ஊர். இவளுக்கு யாரும் விஷம் வைத்ததாகச் சொல்லவில்லை. புருஷன் அவள் தலைமாட்டைவிட்டு நகரவே இல்லை. இரண்டு ஈரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எழுதினேன்: கண்டது இன்னது; இதே லயத்தில் இதே நோயில் இறந்த மற்றொரு பெண்ணிடமும் கண்டது இதுவே; விஷத்துக்கான அடையாளம் காணப்படவில்லை. ஒருவன் வெளியே வர இன்னொருத்தி செத்துத்தான் எனக்கு அந்த உறுதி கிடைத்தது. சுடலைமுத்துவை விட்டுவிட்டார்கள். பிறகு வந்த கெமிக்கல் எக்ஸாமினர் ரிப்போர்ட்டிலும் ஒன்றுமில்லை.

அதற்குள் மாடத்தியின் கண்ணும் மஞ்சளாகிவிட்டது. நான் அதுவரை உயிரோடிருக்கும் நோயாளி யாருக்காகவும் வார்டுக்குப் போனதில்லை. இப்போது தினமும் போகத் தொடங்கினேன். ஒரு நாள் மூத்த டாக்டர் வாசலிலேயே நிறுத்தி, "எடோ, நீ பிணம் அறுக்கற டாக்டர்னு இங்க எல்லாருக்கும் தெரியும். நீ வந்து கட்டில் பக்கத்துல நின்னா அவ பயப்படுவா. மருந்து கொடுக்கற இடத்துல நில்லு, ஞான் வந்து சொல்லறேன்" என்றார். அப்படியே நின்றேன். அவர் வரும்போது நடையை வைத்தே செய்தியைப் படிக்கப் பார்ப்பேன். ஒரு நாள் அவள் உளறுகிறாள் என்றார். மறுநாள் தூங்குகிறாள், எழுப்பினால் எழுகிறாள் என்றார். பிறகு ஒரு நாள் பிரசவம் ஆனது. குழந்தை தங்கவில்லை. தாய் கண் திறந்து தண்ணீர் கேட்டாள் என்று சொல்லிவிட்டு அவர் அந்த மருந்து மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் ஏன் பிழைத்தாள், மற்ற இருவரும் ஏன் பிழைக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கொடுத்தது குளுக்கோஸும் காவலும்தான்.

சுடலைமுத்து என்னைத் தேடி வந்தது அந்த வாரம்தான். ஒல்லியான, சவரம் செய்யாத முகம். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் அதற்காக வரவில்லை.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். அவ படுத்தே கெடந்தா. சோம்பேறித்தனம்னு நெனச்சு ஏசிப்புட்டேன். சமைக்கல, திங்கல, சும்மா கெடக்கான்னு ஏசினேன். மொதல்லயே இங்க கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பாளா?"

ஈரல் எனக்குச் சொன்னதை மட்டுமே சொல்ல எனக்கு உரிமை உண்டு. அது இதைச் சொல்லவில்லை. பிழைத்திருப்பாள் என்றால் அவன் வாழ்நாள் முழுக்கத் தன்னைக் கொலைகாரன் என்று நினைப்பான். பிழைத்திருக்க மாட்டாள் என்றால் எனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னவன் ஆவேன். கோர்ட்டில் கூண்டேறிப் பதில் சொல்வது இதைவிடச் சுலபம் என்று பட்டது.

"அதுக்கு மருந்து எங்ககிட்ட இல்லப்பா. முதல் நாளே வந்திருந்தாலும் இதே குளுக்கோஸைத்தான் குடுத்திருப்போம். ஒருத்தி பொழச்சா, ரெண்டு பேர் பொழக்கல. காரணம் எனக்குத் தெரியல" என்றேன். இது முழுக்க உண்மை.

அவன் தலையை ஆட்டினான். பிறகு, "மாடத்தி எந்தப் பக்கம் இருக்கா?" என்று கேட்டான். நானே கூட்டிப் போனேன். வார்டு வராந்தாவில் இசக்கி குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தான். மஞ்சள் வடிந்து, பாதி ஆளாகியிருந்தான். மச்சானைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அடிப்பானோ, காலில் விழுவானோ என்று நான் இடையில் போகத் தயாரானேன்.

சுடலைமுத்துதான் முதலில் பேசினான்.

"மாடத்தி சாப்பிட்டாளா?"

இசக்கி, சாப்பிட்டாள் என்று தலையை மட்டும் அசைத்தான்.